2003 டிராஃப்ட்: மறுவரிசைக்கு முன் ஓர் அளவுகோல்

கேள்வி: வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லின் 2003 டிராஃப்டை (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதை) இன்று மறுபடி நடத்தினால் முதலிடம் யாருக்கு? மொத்தப் புள்ளிகளைப் பார்த்தால் ஜோ பவெல்ஸ்கி 1068, எரிக் ஸ்டால் 1063, பட்ரீஸ் பெர்ஜெரான் 1040, ரயன் கெட்ஸ்லாஃப் 1019 என்று வரிசை தானாக வந்துவிடுகிறதே! ஒரு கோல்காப்பாளரை (கோலி) முதலில் எடுத்த பிட்ஸ்பர்க்கும், பெர்ஜெரானை 45ஆம் இடம்வரை விட்டுவைத்த மற்ற அணிகளும் கண்ணை மூடிக்கொண்டா தேர்ந்தெடுத்தார்கள்?
– வாசகர், டொராண்டோ

பதில்: தானாக எந்த வரிசையும் வராது. உங்கள் பட்டியலில் ஷே வெபர் எங்கே? தற்காப்பு வீரர் என்பதால் அவருக்கு 589 புள்ளிகள்தான். ஆனால் அதில் 224 கோல்கள். சிறந்த தற்காப்பு வீரருக்கான நாரிஸ் விருதில் 2011, 2012 இரண்டு ஆண்டும் இரண்டாமிடம். 2024இல் ஹாக்கியின் உயர்ந்த கௌரவமான ஹால் ஆஃப் ஃபேம். பிட்ஸ்பர்க் முதலில் எடுத்த கோலி மார்க் ஆந்த்ரே ஃப்ளூரிக்கு உங்கள் கணக்கில் இடமே இல்லை. அவருடைய 575 வெற்றிகளைவிட அதிகம் எடுத்த கோலி மார்ட்டின் ப்ரொடூர் ஒருவர்தான். புள்ளி என்பது கோலையும் கோலுக்கு உதவியதையும் மட்டும் எண்ணுவது. அதை வைத்து மூன்று வகை ஆட்டக்காரர்களை ஒரே வரிசையில் நிறுத்த முடியாது.

முன்கள வீரர், தற்காப்பு வீரர், கோலி என்று மூன்று தனிப் பட்டியல் போட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். தற்காப்பு வீரருக்கு முதலில் பார்க்க வேண்டியது பயிற்சியாளர் அவரை எத்தனை நிமிடம் பனியில் வைத்திருந்தார், யாருக்கு எதிராக வைத்திருந்தார் என்பது. ரயன் சூட்டர் 2013-14இல் அறுபது நிமிட ஆட்டத்தில் சராசரியாக 29 நிமிடத்துக்கு மேல் ஆடினார். அவர் புள்ளிக் கணக்கை மட்டும் பார்த்தால் இந்த உழைப்பு கண்ணிலேயே படாது. கோலிக்கு, தன்னை நோக்கி வந்த அடிகளில் தடுத்த விகிதத்தை அந்தந்த ஆண்டின் லீக் சராசரியோடு ஒப்பிட வேண்டும். 2005-06இல் சராசரி .901, பத்து ஆண்டு கழித்து .915. ஆகவே .910 என்பது முதல் ஆண்டில் நல்ல கோலி, பின்னதில் சுமாரான கோலி.

முன்கள வீரர்களின் புள்ளிகளுக்கும் இதே திருத்தம் வேண்டும். 2004-05 சீசன் அணி உரிமையாளர்களின் கதவடைப்பில் முழுதாகவே ரத்தானது. அடுத்த ஆண்டு நடுவர்கள் பிடித்திழுப்பதையெல்லாம் கண்டிப்பாகத் தண்டிக்கத் தொடங்கியதால் பவர் பிளேக்கள் (எதிரணி ஓர் ஆள் குறைவாக ஆடும் நேரங்கள்) குவிந்தன. ஓர் அணி சராசரியாக ஆட்டத்துக்கு 3.08 கோல் போட்டது. 2015-16இல் அது 2.71. ஸ்டால் 2005-06இல் எடுத்த 100 புள்ளிகளை 2.71ஆல் பெருக்கி 3.08ஆல் வகுத்தால் 88 வரும். அப்போதும் அருமையான சீசன்தான். ஆனால் 100 என்ற எண்ணைப் பார்த்து மயங்கித்தான் பல மறுவரிசைகள் அவரை மேலே தூக்கி வைக்கின்றன.

இதற்கெல்லாம் முன்பே முடிவு செய்ய வேண்டிய ஒன்று உண்டு: எந்தக் காலத்தை அளக்கிறோம்? முழு வாழ்க்கையையா, எடுத்த அணியின் பிடியில் இருந்த ஆண்டுகளை மட்டுமா? லீக்கும் வீரர் சங்கமும் செய்த 2005 ஒப்பந்தத்துக்குப் பிறகு, ஏழு சீசன் ஆடியவர் எந்த அணிக்கும் போகலாம் என்ற நிலை படிப்படியாக வந்தது. டிராஃப்டில் ஓர் அணி உண்மையில் வாங்குவது அந்த ஏழு சீசன்களைத்தான். இதைத் தீர்மானிக்காமல் நடக்கும் விவாதத்தில் ஒருவர் பெர்ஜெரான் என்பார், இன்னொருவர் ஸ்டால் என்பார். இருவருமே அவரவர் அளவுகோலில் சரியாக இருப்பார்கள், விவாதம் மட்டும் முடியாது.

முழு வாழ்க்கை என்றால் பெர்ஜெரான்தான் முதலிடம். சிறந்த தற்காப்பு ஆட்டம் ஆடும் முன்கள வீரருக்கான செல்கி விருதை ஆறு முறை வாங்கியவர் வேறு யாரும் இல்லை. அடுத்து வெபர், கெட்ஸ்லாஃப், பிரெண்ட் பர்ன்ஸ், பவெல்ஸ்கி, கோரி பெரி, ஃப்ளூரி, ஸ்டால் என்று வைப்பேன். முதல் ஏழு சீசன் மட்டும் என்றால் இது கலைந்துவிடும். பெர்ஜெரான் 2007 அக்டோபரில் தலையில் அடிபட்டு, அந்த சீசனில் பத்தே ஆட்டம் ஆடினார். முதல் செல்கி 2012இல்தான் வந்தது. ஸ்டாலோ 2006இல் லீக்கின் ஸ்டான்லி கோப்பை வென்ற கரோலினாவுக்காக ஆடி, அந்த ஆண்டு பிளேஆஃபில் (கோப்பைக்கான நாக்அவுட் சுற்றுகளில்) எல்லோரையும்விட அதிகமாக 28 புள்ளிகள் எடுத்தார். இந்த அளவுகோலில் ஸ்டால் முதலிடம், கெட்ஸ்லாஃப் இரண்டாமிடம். பர்ன்ஸ் வெகு தூரம் இறங்கிவிடுவார். அவரை மின்னெசோட்டா எடுத்தது விங்கராக, அதாவது பக்கவாட்டில் ஆடும் முன்கள வீரராக. தற்காப்புக்கு மாற்றியது பிறகுதான். நாரிஸ் கிடைத்தது 2017இல், சான் ஹொசேயில். வேறு அணிக்குப் போயிருந்தால் அவர் கடைசிவரை விங்கராகவே ஆடியிருக்கலாம். மறுவரிசை போடுகிற எவராலும் இதைக் கணக்கில் கொண்டுவர முடியாது.

ஃப்ளூரியை எடுத்தது தவறு என்பதை நான் ஏற்கவில்லை. பிட்ஸ்பர்க் தன் 3ஆம், 55ஆம் தேர்வுகளையும் மிக்கேல் சாமுவெல்சன் என்ற வீரரையும் ஃப்ளோரிடாவுக்குக் கொடுத்து 1ஆம், 73ஆம் தேர்வுகளை வாங்கியது. 2008இல் இறுதிச் சுற்று, 2009இல் கோப்பை, இரண்டிலும் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் ஃப்ளூரி. 2016, 2017 கோப்பைகளை மட்டும் அவர் கணக்கில் முழுதாக எழுதாதீர்கள். இரண்டு முறையும் இறுதிச் சுற்றை ஆடியவர் அணியின் இன்னொரு கோலி மேட் மர்ரி.

கண்ணை மூடிக்கொண்டா என்கிறீர்கள். பெர்ஜெரானை எடுத்த பாஸ்டனே 21ஆம் இடத்தில் மார்க் ஸ்டூவர்ட்டைத்தான் எடுத்தது. வெபரை 49ஆம் இடத்தில் எடுத்த நாஷ்வில், அதற்கு முன்பே சூட்டர், கிளாஸச்சேவ், கெவின் க்ளைன் என்று மூவரை எடுத்திருந்தது. பவெல்ஸ்கியை சான் ஹொசே 205ஆம் இடம்வரை காத்திருந்து எடுத்தது. அவர் இப்படி வளருவார் என்று தெரிந்திருந்தால் அத்தனை நேரம் யார் காத்திருப்பார்கள்? பதினெட்டு வயதுப் பையனிடம் அன்று தெரிந்தது அவ்வளவுதான்.

நியூயார்க் ரேஞ்சர்ஸ் 12ஆம் இடத்தில் ஹ்யூ ஜெஸ்ஸிமனை எடுத்ததும் இப்படித்தான். ஆறரை அடி உயரம். இழுத்தும் தள்ளியும் ஆடிய அன்றைய ஹாக்கிக்குப் பொருத்தமான உடம்பு. இரண்டு ஆண்டில் விதிகள் மாறி, வேகமாகச் சறுக்குபவர்களின் ஆட்டமாகிவிட்டது. அவர் என்.எச்.எல்.லில் ஆடியது இரண்டே ஆட்டங்கள், அதுவும் ஃப்ளோரிடாவுக்காக. அடுத்தடுத்த இடங்களில் டஸ்டின் பிரவுனும் பிரெண்ட் சீப்ரூக்கும் போனார்கள் என்பது வலிக்கத்தான் செய்யும். ஆனால் 2005இன் விதிகளை வைத்து 2003இன் தேர்வாளர்களைத் திட்டுவது நியாயமில்லை.

அன்றைய தகவலை வைத்தே குறை சொல்ல வேண்டுமென்றால் எட்மன்டனைச் சொல்லுங்கள். 17ஆம் தேர்வு அவர்கள் கையில் இருந்தது. வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டிலேயே 61 புள்ளிகள் எடுத்த ஸாக் பரீஸேயை இன்னும் யாரும் எடுக்கவில்லை. அந்தத் தேர்வை நியூ ஜெர்சிக்குக் கொடுத்து 22, 68 ஆகியவற்றை வாங்கிக்கொண்டார்கள். அவற்றில் வந்தவர்கள் மார்க் அந்துவான் பூலியோவும் ஜான் ஃப்ரான்ஸ்வா ஜாக்கும். பரீஸே 2008-09இல் நியூ ஜெர்சிக்கு 94 புள்ளிகள் எடுத்தார். 2012இல் கேப்டனாக அதே அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார்.