பழைய கடைவீட்டைப் புதுப்பிக்க எவ்வளவு ஆகும்? சதுர அடிக் கணக்கு போதாது

கேள்வி: கீழக்கரையில் வாப்பா விட்டுப்போன 600 சதுர அடிக் கட்டிடம் இருக்கிறது. முன்னால் மளிகைக் கடை, 1990-களில் போட்ட கான்கிரீட் கூரைத் தளம். பின்னால் இரண்டு அறைகள், முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) சுவர், தேக்குக் கட்டை மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை. கடைக்குள் சாக்கின் மேல் காரை உதிர்ந்து விழுகிறது. ஒரு கான்ட்ராக்டர் 4.5 லட்சம் என்கிறார், இன்னொருவர் சதுர அடிக்கு 1,200 வீதம் 7.2 லட்சம் என்கிறார். இப்போது வாடகை 5,000; சரிசெய்து கொடுத்தால் 9,000 தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். கையில் 3 லட்சம் இருக்கிறது. கணவர் துபாயிலிருந்து அனுப்பும் 35,000-இல் செலவு போக மாதம் 11,000 மிஞ்சும். மீதிக்கு 4 லட்சம் நகைக்கடன் வாங்கலாமா? வாப்பா வாய்மொழியாக எனக்குத் தந்தார், பத்திரம் இன்னும் அவர் பெயரில்தான்.

பதில்: சகோதரி, முதலில் உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். பத்திரம் வாப்பா பெயரில் இருக்கும்போது ஒரு மூட்டை சிமெண்ட்கூட இறக்காதீர்கள். உங்கள் உடன்பிறந்தவர்கள் இன்று மனதார ஒத்துக்கொள்ளலாம். நாளை அவர்களின் பிள்ளைகள் பங்கு கேட்டால், நீங்கள் போட்ட லட்சங்களுக்கு யாரும் கணக்கு வைத்திருக்க மாட்டார்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, விடுதலைப் பத்திரமோ (மற்ற வாரிசுகள் தங்கள் பங்கை விட்டுத்தருவது) பாகப்பிரிவினையோ பதிவு செய்து, பட்டாவை மாற்றுங்கள். எது பொருந்தும் என்பதை உள்ளூர் வழக்கறிஞர் சொல்வார். வங்கிக் கடன் கேட்கப் போனாலும் இந்தக் காகிதங்களைத்தான் முதலில் கேட்பார்கள்.

அடுத்து, அந்த இரண்டு தொகைகளில் எது சரி? இரண்டு பேரும் ஒரே வேலைக்கு விலை சொல்லவில்லை என்பதுதான் என் சந்தேகம். சதுர அடி வீதம் புதுக் கட்டிடத்துக்கு ஓரளவு பொருந்தும். பழைய கட்டிடத்தில், அதுவும் கடல் காற்று அடிக்கும் ஊரில், செலவைத் தீர்மானிப்பது பரப்பளவு அல்ல, உள்ளே கம்பி எவ்வளவு தின்றுபோயிருக்கிறது என்பது. உப்பு காரைக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் காரையை வெடிக்கச் செய்து வெளியே தள்ளுகிறது. உங்கள் சாக்கின் மேல் விழுவது அதுதான். கடலோரத்தில் பீமுக்கும் தளத்துக்கும் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பழைய தளங்களில் அதில் பாதி இருந்தாலே பெரிது.

அதனால் விலை கேட்கும் முன் சோதனை. கட்டிட வேலை தெரிந்த ஒரு சிவில் இன்ஜினியரை, கான்ட்ராக்டருக்கு வேண்டியவராக இல்லாத ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் சுத்தியலால் கடைத் தளத்தை அடிப்பக்கமாக ஒவ்வொரு அடியாகத் தட்டிப் பார்க்கட்டும். கெட்டியான இடத்தில் கணீரென்று கேட்கும். பிரிந்த இடத்தில் பொத்தென்று கேட்கும். பொத்தென்று கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டு அளந்து கூட்டினால்தான் உங்கள் உண்மையான எஸ்டிமேட் தொடங்குகிறது. அங்கங்கே நாலைந்து இடம் என்றால் உடைத்து, கம்பியைத் தேய்த்து, துருத்தடுப்பு பூசி அடைக்கலாம். தளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரிந்திருந்தால், ஒட்டுப்போட்டுக் காசைக் கரைப்பதைவிடத் தளத்தையே கழற்றிப் புதிதாகப் போடுவது மேல் என்பது என் கருத்து. முடிவை இன்ஜினியர் சொல்லட்டும்.

பின்கட்டை வேறு விதமாகப் பாருங்கள். அதில் கம்பி இல்லை. கட்டை முனைகள் சுவருக்குள் போகும் இடத்தில் கரையான் இருக்கிறதா, மழைநீர் இறங்குகிறதா என்பதே கேள்வி. முருகைக்கல் சுவரில் சிமெண்ட் பூச்சு அடிக்கச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே மாட்டிய ஈரமும் உப்பும் பூச்சைத் தள்ளிவிடும், மறுபடி செலவு. சுண்ணாம்புப் பூச்சுக்கு ஆள் தேட வேண்டியிருக்கும், கூலியும் கூடும், ஆனாலும் அதுதான் தாங்கும். புது முருகைக்கல்லுக்கு ஆசைப்படாதீர்கள். பவளப்பாறைகள் 2001 முதல் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன.

சோதனை முடிந்ததும் இரண்டு கான்ட்ராக்டருக்கும் ஒரே வேலைப் பட்டியலைக் கொடுத்து விலை கேளுங்கள். “தளம் பழுது, மொத்தம்” என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். எத்தனை சதுர அடி உடைப்பது, எத்தனை கிலோ கம்பி, என்ன பூச்சு என்று இருக்க வேண்டும். தண்ணீர் யார் செலவு என்பதையும் எழுதி வாங்குங்கள். உங்கள் ஊர்க் கிணற்று உப்புத் தண்ணீரில் கான்கிரீட் கலக்கினால் புதுக் கம்பியும் பழைய கம்பியின் வழியே போகும், டேங்கர் தண்ணீர்தான். இடிசல் அள்ளும் டிராக்டர் கூலி, சென்ட்ரிங் முட்டு (கான்கிரீட் இறுகும்வரை கீழே தாங்கும் பலகையும் கம்பமும்), வயரிங், கடை மூடியிருக்கும் மாதங்களின் வாடகை இழப்பு, இவையெல்லாம் எஸ்டிமேட்டில் வராமல் கடைசியில் வந்து நிற்பவை. நாலு மாதம் மூடினால் வாடகையிலேயே 20,000 போகும்.

சரி, கடன். 7.2 லட்சம் போட்டுக் கூடுதல் வாடகை மாதம் 4,000, அதாவது வருடம் 48,000 வந்தால் அது 6.7 சதவீதம்தான். கடன் வட்டி அதைவிட அதிகம். உயிருக்கு ஆபத்தான தளத்தை வாடகைக் கணக்குப் பார்த்துத் தள்ளிப்போட முடியாது, அதற்குக் கடன் வாங்கலாம். டைல்ஸுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் வாங்கக் கூடாது. 4 லட்சம் நகைக்கடனும் வேண்டாம். அது பெரும்பாலும் ஒரு வருடத்தில் திருப்ப வேண்டியது. வேலை இழுத்தால் நகை ஏலம் வரை போய்விடும். காகிதங்கள் சரியானதும் வீடு புதுப்பிப்புக் கடன் 3 லட்சம் கேளுங்கள். 9.5 சதவீதம், 5 வருடம் என்று வைத்தால் தவணை சுமார் 6,300. உங்கள் 11,000-இல் அடங்கும், கணவருக்கு ஒரு மாதம் சம்பளம் தாமதித்தாலும் சமாளிக்கலாம்.

அப்படியானால் கையில் உள்ள 3 லட்சத்தோடு சேர்த்து மொத்தம் 6 லட்சம். பழைய கட்டிடத்தில் வேலைத் தொகைக்கு மேல் அதில் 30 சதவீதத்தை எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கச் சொல்வேன். ஆக, நீங்கள் கையெழுத்துப் போடும் வேலை 4.6 லட்சத்தைத் தாண்டக் கூடாது. 4.5 லட்சம் சொன்னவர் பொருந்துகிறாரே என்று உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள், பட்டியலைப் பார்த்த பிறகு அவரே எவ்வளவு சொல்கிறார் என்று பாருங்கள். தளத்தையே மாற்ற வேண்டும் என்று வந்து தொகை தாண்டினால், பின்கட்டைப் பூசுவதை அடுத்த வருடத்துக்கு விட்டு, கடைத் தளத்தையும் வயரிங்கையும் மட்டும் இப்போது முடியுங்கள். முழுவதும் இடித்துக் கட்டலாமே என்று யாராவது சொன்னால், கடலிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கிறீர்களா என்று நகராட்சியில் முதலில் கேளுங்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி குறுக்கே வரலாம்.

தள வேலையை அக்டோபர் மழைக்கு முன் முடிக்கும்படி நாள் குறியுங்கள். பணத்தை வேலை முடிந்த அளவுக்குப் பார்த்து, வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள். கடை வாடகைக்கு விட்டது என்பதால் கடன் வட்டியை அந்த வருமானத்தில் கழித்துக் காட்டலாம், அதற்கு ரசீது ஒவ்வொன்றும் வேண்டும்.