வாசகர் கேள்வி–பதில்: ஏறுவதற்கு முன் குனிந்து பாருங்கள்

கே: சென்னை ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) ரயில் அருங்காட்சியகத்தை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா? பேருந்தா, ரயிலா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

ப: முடியும், ரயில்தான் சௌகரியம். திண்டிவனம் வழியாக வரும் பேருந்துகள் பெரும்பாலும் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். அருங்காட்சியகமோ ஊரின் வடமேற்கில், புது ஆவடி சாலையில் இருக்கிறது. எழும்பூரில் இறங்கி மெட்ரோ ஏறினால் அடுத்த நிறுத்தமே சென்ட்ரல். பக்கத்து மூர் மார்க்கெட் வளாகத்தில் ஆவடி, திருவள்ளூர் பக்கம் போகும் லோக்கலைப் பிடித்தால் ஆறாவது நிறுத்தம் வில்லிவாக்கம், அங்கிருந்து ஆட்டோ. ஃபாஸ்ட் லோக்கல் அங்கே நிற்காமல் போகலாம், கேட்டு ஏறுங்கள். திங்கட்கிழமை விடுமுறை. சித்திரை, வைகாசி மதியத்தில் போனால் வெயிலில் நிற்கும் வண்டியின் கைப்பிடியைத் தொட முடியாது.

கே: பழைய பெட்டியின் முனையில் தடித்த ரப்பர் குழாய் ஒன்று தொங்குகிறது. இன்றைய பெட்டியில் ஒல்லியாக இரண்டு. ஏன்?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ப: நல்ல கண் உங்களுக்கு! ஜன்னலையும் சீட்டையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

தடித்த குழாய் வேக்குவம் பிரேக்குக்கு. வண்டி ஓடும்போது இன்ஜின் அந்தக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி, 53 செ.மீ. பாதரச அளவு வெற்றிடத்தை வைத்திருக்கும். ஓட்டுநர் வெளிக்காற்றை உள்ளே விட்டால், சிலிண்டரிலுள்ள பிஸ்டனை அது கீழிருந்து மேலே தள்ளும். பிஸ்டன் கம்பிகளை இழுக்க, பிரேக் கட்டைகள் சக்கரத்தைக் கவ்வும். அபாயச் சங்கிலியை இழுத்தாலும் நடப்பது இதேதான். எந்தப் பெட்டியில் இழுத்தார்கள் என்று கார்டு கண்டுபிடிக்க, பெட்டி முனையில் மேலே ஒரு சின்னத் தகடு திரும்பி நிற்கும். அண்ணாந்து தேடினால் தெரியும்.

தள்ளுவது வெறும் வெளிக்காற்று என்பதால் விசை குறைவு. அதை ஈடுகட்டத்தான் அண்டா மாதிரி அவ்வளவு பெரிய சிலிண்டர். குனிந்தால் பெட்டிக்கு அடியில் பார்க்கலாம். குழாய் இணைப்பின் ரப்பர் வாஷர் தேய்ந்தால் காற்று கசியும், கடைசியில் இருக்கும் கார்டு வண்டியில் வெற்றிடம் குறையும். வண்டி நீளமானால் இந்தத் தொல்லையும் கூடும். முன்பெட்டிகள் முதலில் பிடித்து, பின்பெட்டிகள் வந்து இடிக்கும்.

இன்றைய பெட்டியிலுள்ள ஏர் பிரேக் இதற்கு நேர் எதிர். பிரேக் குழாயில் சதுர செ.மீ.க்கு 5 கிலோ அழுத்தக் காற்று எப்போதும் நிற்கும். அது குறைந்தால் பிரேக் பிடிக்கும். 6 கிலோ அழுத்தமுள்ள இரண்டாவது குழாய், பெட்டியின் காற்றுத் தொட்டியை நிரப்பிக்கொண்டே இருக்கும். அழுத்தம் அதிகம் என்பதால் சிலிண்டர் சிறிதாகிவிட்டது, குழாயும் மெலிந்துவிட்டது.

கே: கரி இன்ஜினில் ‘ஒய்.பி.’ என்று எழுதியிருந்தது. நம் ஊர்ப் பக்கம் ஓடிய வகையா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

ப: ஒய் என்றால் மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே 1000 மி.மீ.; பி என்றால் பயணிகள் வண்டி. ஒய்.ஜி. என்றால் சரக்கு. டபிள்யூவில் தொடங்கினால் 1676 மி.மீ. அகலப்பாதை. விழுப்புரம்–புதுச்சேரி பாதை 1879இல் திறக்கப்பட்டது மீட்டர் கேஜில்தான். கடலூர் வழியாக மயிலாடுதுறை போகும் பாதை அகலமாகித் திறந்தது 2010இல். எழுத்து அழிந்திருந்தால் பஃபரை, அதாவது வண்டி முனையில் இடியைத் தாங்கும் முட்டைப் பாருங்கள். மீட்டர் கேஜில் நடுவே ஒற்றைப் பஃபர், கொக்கியும் அதிலேயே. பழைய அகலப்பாதை வண்டியில் இரு ஓரத்திலும் பஃபர், நடுவில் திருகுக் கொக்கி.

கே: முழங்கால் வலி உள்ள அப்பாவால் பெட்டிக்குள் ஏற முடியுமா?
– வாசகி, லாஸ்பேட்டை

ப: பெட்டியின் தரை தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ 1.3 மீட்டர் உயரம். பிளாட்பாரம் இல்லாத இடத்தில் செங்குத்துப் படியில்தான் ஏறவேண்டும். மரப்படியோ சாய்தளமோ வைத்திருக்கும் பெட்டியை மட்டும் தேர்ந்தெடுங்கள். இறங்கும்போது பெட்டியைப் பார்த்தபடி, பின்பக்கமாக இறங்கச் சொல்லுங்கள்.

கே: பெட்டி எந்த வருடத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– மாணவர், பண்ருட்டி

ப: ஐந்து இலக்க எண் இருந்தால் சுலபம். 94217 என்றால் முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வருடம், 1994. கடைசி மூன்று இலக்கம் பெட்டி வகை: 201 முதல் 400 வரை ஸ்லீப்பர் என்பதால் 217 ஸ்லீப்பர். 401 முதல் 600 வரை இருந்தால் பொதுப்பெட்டி. மரப்பெட்டிகளில் இந்தக் கணக்கு செல்லாது. அடிச்சட்டத்தில் தயாரிப்பாளர் தகடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். தகட்டின் மேலேயே பட்டை பட்டையாகப் பெயின்ட் பூசிவிடுகிறார்கள், அதுதான் எரிச்சல். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் புடைப்பெழுத்து நிழல்கட்டி வாசிக்க வரும்.