கோச்சிங்குக்கு வட்டிக்கு வாங்கலாமா?

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். மாமா பி.எட். படி என்கிறார். நண்பர்கள் டிஎன்பிஎஸ்சி கோச்சிங்கில் சேர்கிறார்கள், 30,000 ரூபாய் ஆகுமாம், அப்பா வட்டிக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். கல்லூரியில் பிளேஸ்மென்ட் செல் எப்போதும் பூட்டியே கிடக்கிறது. என்ன செய்வது?

பதில்: தம்பி, முதலில் அந்த 30,000 ரூபாயை மறந்துவிடு.

டிஎன்பிஎஸ்சியின் குரூப் 4 தேர்வு எழுதப் பத்தாம் வகுப்பு பாஸ் போதும், வயது 18 ஆகியிருந்தால் நீ படித்துக்கொண்டே எழுதலாம். ஒரே தேர்வு, நேர்முகம் கிடையாது, 200 கேள்வியில் பாதி தமிழ். அந்தத் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பார். இதை வருஷக்கணக்கில் படிக்க உனக்குப் பொறுமை இருக்கிறதா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும், அதைத் தெரிந்துகொள்ளவா வட்டி கட்டுவது? இருக்கிறது என்று தோன்றினால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போ. பதிவு போடுகிற இடம் என்றுதான் நம் ஊரில் நினைக்கிறோம், ஆனால் அங்கே தன்னார்வப் பயிலும் வட்டம் என்று ஒன்று நடக்கிறது, போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு. தனியார் கம்பெனிகள் ஆள் எடுக்க வரும் முகாமும் அங்கேதான், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில். படிப்பு முடியும் முன்னாலேயே ஒரு தடவை சும்மா போய் நின்று, கெமிஸ்ட்ரி படித்தவனிடம் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேள்.

மாமா சொல்வது தப்பில்லை, பாதிதான் சொல்கிறார். பி.எட். இரண்டு வருஷம், அதற்கு மேல் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு, அதற்கும் மேல் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. மேல்நிலை வகுப்பு ஆசிரியர் என்றால் எம்.எஸ்சி.யும் வேண்டும். பாடம் நடத்தப் பிடிக்கும் என்றால் போ, வேறு வழி தெரியாமல் போகாதே.

நீ ஒரு வரிகூட எழுதாத விஷயம் ஒன்று இருக்கிறது. கடலூரிலேயே சிப்காட் தொழிற்பேட்டை, அதில் ரசாயனம், மருந்து என்று ஆலைகள்! அங்கே தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை பார்ப்பவர்களில் பலர் உன்னைப் போல பி.எஸ்சி. முடித்தவர்கள்தான். நீ வெறுப்போடு செய்கிற டைட்ரேஷன்தான் அவர்களுக்குச் சோறு போடுகிறது. ஷிப்ட் உண்டு, நெடி உண்டு, ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, மறைக்கவில்லை. உன் கல்லூரி சீனியர் ஒருத்தராவது அங்கே இருப்பார், லேப் உதவியாளரைக் கேட்டால் பெயரே சொல்வார். (பிளேஸ்மென்ட் செல்லை விட இவர்களுக்குத்தான் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியும். நான் படித்த இடத்திலும் அப்படித்தான்.)

டிகிரி முடித்ததும் ஒரு வருஷம் அப்ரண்டிஸாகவும் போகலாம். நேட்ஸ் என்பது அதற்கான மத்திய அரசுத் திட்டம், தெற்குக்கான அலுவலகம் சென்னை தரமணியில். என்ஜினியருக்கு மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதே, கலை அறிவியல் பட்டதாரிகளையும் எடுக்கிறார்கள், மாதா மாதம் உதவித்தொகை உண்டு. தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சி வகுப்பை உன் கல்லூரியில் நடத்துவார்கள், அட்டெண்டன்ஸுக்காக உட்காராமல் லேப் சம்பந்தமாக ஏதாவது இருந்தால் எடு.

அப்புறம் அந்தப் பூட்டிய அறை. நாலு பேர் கையெழுத்து போட்டு கல்லூரி முதல்வரிடம் ஒரு மனு கொடுங்கள், வாரம் ஒரு மதியமாவது திறக்கச் சொல்லி. நீ தனியாகப் போனால் ‘பார்க்கலாம்’ என்பார்கள்.

வினாத்தாளில் எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுது. அப்பாவிடம் மட்டும் இன்றைக்கே பேசிவிடு, அவர் யாரிடமாவது கேட்டு வைப்பதற்குள்.