இரண்டு இரவுத் தங்கல், அளவான செலவு: ஓட்டல் தேர்வு பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். வெள்ளி இரவு போய்ச் சேர்ந்து ஞாயிறு இரவு கிளம்புகிறோம், மூன்று பேர். நகரத்தின் நடுவில் இருக்கும் ஓட்டலுக்கும் புறநகர் ஓட்டலுக்கும் வாடகை ஒன்றரை மடங்கு வித்தியாசம். வெளியே தங்கினால் மிச்சம்தானே?

பதில்: வாடகைச் சீட்டில் மிச்சம்தான். மொத்தக் கணக்கில் பெரும்பாலும் இல்லை. சுற்றிப் பார்க்கும் இடத்துக்கு ஒரு வழிக்கு 40 நிமிடம் என்று வையுங்கள். மதியம் ரூமுக்கு வந்து கொஞ்சம் படுத்துவிட்டு மாலையில் மறுபடி கிளம்பினால் ஒரு நாளைக்கு நான்கு நடை, அதாவது 160 நிமிடம். இப்படி இரண்டு முழு நாள் சுற்றினால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வண்டியிலேயே போய்விடும். மூன்று பேருக்கு 24 டிக்கெட். இரவு கடைசி ரயிலைத் தவறவிட்டால் டாக்ஸி. இதையெல்லாம் வாடகையோடு கூட்டிப் பாருங்கள்.

பலரும் மறப்பது கடைசி நாள் பெட்டியை. ஞாயிறு காலை 11 அல்லது 12 மணிக்கு ரூமைக் காலி செய்ய வேண்டும், வண்டி இரவில்தான். ஓட்டல் நடுவில் இருந்தால் ரிசப்ஷனில் பெட்டியை வைத்துவிட்டுச் சுற்றலாம். புறநகரில் இருந்தால் பெட்டிக்காகவே ஒருமுறை போய் வர வேண்டும்.

நான் சொல்வது மூன்றாவது வழி. நடுவிலும் வேண்டாம், புறநகரிலும் வேண்டாம். நீங்கள் பார்க்கப்போகும் இடங்களுக்கு மாறி ஏறாமல் நேராகப் போகும் மெட்ரோ அல்லது ரயில் பாதை எது என்று பாருங்கள். அதில் மூன்று நான்கு நிறுத்தம் தள்ளி, நிலையத்திலிருந்து 500 மீட்டருக்குள் நடந்துபோகும் தூரத்தில் தேடுங்கள். வாடகை சட்டென்று இறங்குவது அங்கேதான். புக்கிங் தளங்களில் 'மையத்திலிருந்து 2 கி.மீ.' என்று போட்டிருப்பது பெரும்பாலும் வரைபடத்தில் நேர்கோடாக அளந்தது. குறுக்கே ஆறோ ரயில் பாதையோ இருந்தால் நடக்கும் தூரம் இரட்டிப்பாகலாம். வரைபடத்தில் நடைவழியைப் போட்டுப் பார்த்த பிறகே நம்புங்கள்.

கேள்வி: மூன்று நட்சத்திர ஓட்டலும் இரண்டு நட்சத்திர ஓட்டலும் ஏறக்குறைய ஒரே விலையில் கிடைக்கின்றன. மூன்றையே எடுத்துவிடலாமா?

பதில்: நட்சத்திரம் வசதிகளை எண்ணித் தருவது. லிஃப்ட் இருக்கிறதா, ரிசப்ஷன் எத்தனை மணி நேரம் திறந்திருக்கும், ரூமில் என்னென்ன சாமான்கள் என்பதைச் சொல்லும். இரவு தூங்க முடியுமா, ஊழியர்கள் முகம் கொடுத்துப் பேசுவார்களா என்பதை அது சொல்லாது. உலகம் முழுமைக்குமான ஒரே நட்சத்திர முறையும் கிடையாது. ஐரோப்பாவில் பல நாடுகள் 2009-இல் தொடங்கிய ஓட்டல்ஸ்டார்ஸ் யூனியனின் பொது அளவுகோலைப் பின்பற்றுகின்றன. மற்ற இடங்களில் அரசு ஒரு கணக்கு வைத்திருக்கும், புக்கிங் தளம் ஒரு கணக்கு வைத்திருக்கும், ஓட்டல்காரரே போட்டுக்கொள்வதும் உண்டு. அண்மையில் புதுப்பித்த இரண்டு நட்சத்திரம், இருபது வருடமாகக் கை வைக்காத மூன்று நட்சத்திரத்தைவிட மேல். கடைசி முடிவை விருந்தினர் விமர்சனங்களைப் பார்த்து எடுங்கள்.

கேள்வி: அந்த விமர்சனங்களைத்தான் எப்படிப் படிப்பது அண்ணா? ஒருத்தர் சொர்க்கம் என்கிறார், அடுத்தவர் நரகம் என்கிறார்.

பதில்: இரண்டு ஓரத்தையும் விடுங்கள் தம்பி. நடுவில் இருக்கும் மதிப்பெண்காரர்கள்தான் 'இடம் நல்ல இடம், ஆனால் தெருப் பக்க ரூமில் விடியற்காலை வரை சத்தம்' என்று பயன்படும்படி எழுதுவார்கள். மொத்த மதிப்பெண்ணைவிட எத்தனை பேர் போட்டது என்பது முக்கியம். பதினைந்து பேர் சேர்ந்து கொடுத்த 9.4-ஐவிட இரண்டாயிரம் பேர் கொடுத்த 8.3 நம்பத் தகுந்தது.

புதியது முதலில் வரும்படி வரிசைப்படுத்தி, கடைசி மூன்று மாதத்தைப் படியுங்கள். அதன்பின் நீங்கள் போகும் அதே மாதத்தில், போன வருடம் எழுதியவற்றைத் தேடுங்கள். ஏசி ஓடுமா என்பது வெயில் காலத்தில் தங்கியவருக்குத்தான் தெரியும். சுவர் ஓதம் விடுவது மழைக்காலத்தில் தங்கியவருக்குத்தான் தெரியும். குளிர்காலத்தில் எழுதிய நூறு பாராட்டுகளும் கோடையில் போகும் உங்களுக்கு உதவாது.

தேடல் பெட்டியில் 'சத்தம்', 'வாடை', 'வெந்நீர்', 'லிஃப்ட்', 'ஜன்னல்' என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், அந்தந்த ஊர் மொழியிலும் போடுங்கள். ஒரே குறையை வெவ்வேறு மாதங்களில் மூன்று பேர் எழுதியிருந்தால் அது உண்மை. ஓட்டல் வெளியிட்ட படங்கள் பெரும்பாலும் அகலக் கோண லென்ஸில் எடுத்தவை. விருந்தினர் போட்ட படங்களில்தான் ரூமின் நிஜ அளவு தெரியும். அளவு சதுர மீட்டரில் போட்டிருந்தால், இரண்டு பேருக்கு 12-க்குக் கீழ் என்றால் ஒரு பெட்டியைத் திறந்து வைக்கவே இடம் இருக்காது. கட்டில் அகலத்தையும் பாருங்கள். சில ஊர்களில் 'டபுள்' என்றால் 140 செ.மீ., ஆளுக்கு 70 தான் கிடைக்கும்.

கேள்வி: ஜன்னல் என்று ஏன் தேடச் சொல்கிறீர்கள்? ஜன்னல் இல்லாமல் ரூம் இருக்குமா?

பதில்: நெரிசலான நகரங்களில் ஜன்னலில்லாத மலிவு ரூம்கள் தாராளமாக இருக்கின்றன. ஜன்னல் இருந்தும், கட்டடத்தின் நடுவே காற்றுக்காக விட்ட குறுகிய இடைவெளிக்குள்ளோ நடைக்கூடத்துக்குள்ளோ திறப்பதும் உண்டு. ரூம் விவரத்தில் ஜன்னலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒரே இரவு, இரவில் மட்டும் படுக்கப் போகிறீர்கள் என்றால் ஜன்னலில்லா ரூம் மோசமில்லை, அமைதியாகவே இருக்கும். இரண்டாவது நாள் அது மூச்சு முட்டும்.

கேள்வி: தேடும்போது ஒரு விலை, பணம் கட்டும் பக்கத்தில் வேறு விலை. எதை நம்பி ஒப்பிடுவது? பணம் திரும்பாத புக்கிங் மலிவாக இருக்கிறதே, எடுக்கலாமா?

பதில்: ஒப்பிடும் விலை, வரி எல்லாம் சேர்ந்த கடைசிப் பக்கத்து விலை மட்டுமே. வரி, சேவைக் கட்டணம், சில ஊர்களில் ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று ஓட்டலில் நேரில் கட்ட வேண்டிய நகர வரி, வண்டி நிறுத்தக் கட்டணம், காலைச் சாப்பாடு உண்டா இல்லையா, எல்லாவற்றையும் எழுதி வைத்துக் கூட்டுங்கள்.

பணம் திரும்பாத விலை வழக்கமாகப் பத்து சதவீதத்தை ஒட்டிக் குறைவாக இருக்கும். ரயில், விமான டிக்கெட் கையில் வந்து, ஊர் போவது உறுதியான பிறகே அதைத் தொடுங்கள். அதற்கு முன்னால், ரத்து செய்யக்கூடிய புக்கிங்கைச் சீக்கிரமே போட்டு வைத்துவிட்டு, இலவச ரத்துக்கான கடைசி நாளுக்கு முந்தைய நாள் அதே ஓட்டலின் விலையை மறுபடி பாருங்கள். குறைந்திருந்தால் புதியதைப் போட்டு உறுதி வந்த பிறகு பழையதை ரத்து செய்யுங்கள். வரிசையை மாற்றினால் இரண்டும் போகலாம். ரத்துக்கான கெடு ஓட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி என்பதையும் பாருங்கள். வெளிநாட்டுப் பயணத்தில் இந்தச் சில மணி நேர வித்தியாசத்தில் பணம் போய்விடலாம்.

தேதியை நகர்த்த முடிந்தால் இன்னும் மிச்சமாகும். அலுவலகப் பகுதி ஓட்டல்கள் வாரநாளில் நிரம்பி, வெள்ளி சனி ஞாயிறில் காலியாக இருக்கும்; சுற்றுலாப் பகுதிகள் நேர்மாறு. வார இறுதிக்குப் போகும் நீங்கள் அலுவலகப் பகுதியைத் தேடலாம். உங்கள் தேதியில் ஊர் முழுக்க விலை எகிறியிருந்தால் கண்காட்சியோ மாநாடோ விளையாட்டுப் போட்டியோ இருக்கிறது என்று அர்த்தம். முந்தைய வாரத்தின் விலையைப் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும்.

கேள்வி: தளத்தில் பார்த்துவிட்டு ஓட்டலுக்கே போன் செய்தால் குறைப்பார்களா?

பதில்: கேட்பதில் நட்டமில்லை. புக்கிங் தளங்கள் ஓட்டலிடம் பெரும்பாலும் 15 முதல் 25 சதவீதம் கமிஷன் எடுக்கின்றன, அதனால் நேரில் பேசுகிறவருக்கு விட்டுக்கொடுக்க இடம் உண்டு. விலை இறங்காவிட்டால் அதே விலையில் காலைச் சாப்பாடு, சீக்கிரம் செக்-இன், பின்பக்க ரூம் என்று கேளுங்கள். சின்ன ஓட்டல்கள் இதற்கு எளிதில் சம்மதிக்கும். போன் எண்ணை வரைபடத்திலிருந்தோ ஓட்டலின் சொந்தத் தளத்திலிருந்தோ எடுங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பரத்தில் ஓட்டல் பெயரிலேயே வேறு யாரோ உட்கார்ந்திருக்கலாம்.

கேள்வி: என் விமானம் 12-ஆம் தேதி அதிகாலை 1 மணிக்கு இறங்குகிறது. 12-ஆம் தேதிக்குப் போட்டால் போதும்தானே?

பதில்: போதாது. 12-க்குப் போட்ட ரூம் அன்று பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் உங்களுடையது. அந்த இரவு படுக்க வேண்டுமென்றால் 11-ஆம் தேதிக்கே போட வேண்டும். போட்டுவிட்டு, 'நள்ளிரவு 2 மணிக்கு மேல் வருவோம்' என்று எழுத்தில் சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் வரவில்லை என்று குறித்து, பின்னால் வரும் இரவுகளையும் சேர்த்து ரத்து செய்துவிடலாம். இரவில் ரிசப்ஷனில் ஆள் உண்டா என்பதையும் கேளுங்கள். சில சின்ன ஓட்டல்கள் 10, 11 மணிக்குப் பூட்டிவிட்டுக் கதவுக்கு ரகசிய எண் மட்டும் அனுப்பும்.

காலை 6 மணிக்கு வருகிறவருக்கு முந்தைய இரவு வாடகை கட்டுவது பெரும்பாலும் வீண். பெட்டியை வைத்துவிட்டு முகம் கழுவ இடம் கேட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். கைக்குழந்தை, வயதானவர்கள் கூட வந்தால் மட்டும் அந்தச் செலவு செய்யத் தகும்.

கேள்வி: தனியாகப் போகிறேன், பெண். மலிவு என்றால் பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க வேண்டியதுதானா?

பதில்: விட்டுக்கொடுக்க வேண்டாம், அக்கா. 24 மணி நேரமும் ரிசப்ஷனில் ஆள் இருக்கும் இடத்தை மட்டும் வடிகட்டுங்கள். நிலையத்திலிருந்து ஓட்டல் வரையான தெருவை வரைபடத்தின் தெருப்படக் காட்சியில் (ஸ்ட்ரீட் வியூ) நடந்து பாருங்கள்: விளக்கு உண்டா, இரவிலும் திறந்திருக்கும் கடைகள் உண்டா, சுரங்கப்பாதை வருகிறதா. தனியாகப் பயணம் செய்தவர்களின் விமர்சனங்களைத் தனியே பிரித்துக் காட்டும் தளங்கள் உண்டு, அவற்றில் பெண்கள் எழுதியவற்றை முதலில் படியுங்கள்.

தரைத்தளம் வேண்டாம். இரண்டாவது மாடிக்கு மேல், ஆறாவதற்குள் கேளுங்கள். ஜன்னல் வழியாக யாரும் ஏற முடியாது, தீ விபத்தென்றால் ஏணியும் எட்டும். ரிசப்ஷனில் ரூம் எண்ணை உரக்கச் சொன்னால் வேறு ரூம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உள்ளே போனதும் உள்தாழ்ப்பாள், பக்கத்து ரூமுக்குப் போகும் இணைப்புக் கதவு, ஜன்னல் கொக்கி மூன்றையும் கையால் இழுத்துப் பாருங்கள். கதவடியில் செருகும் ரப்பர் ஆப்பு ஒன்று கைப்பையில் இருக்கட்டும். படிக்கட்டு எந்தப் பக்கம், எத்தனை கதவு தள்ளி என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாதபோது அந்த எண்ணிக்கைதான் வழிகாட்டும்.

கேள்வி: மூட்டைப்பூச்சி பயத்திலேயே மலிவு ரூம் எடுப்பதில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: விலைக்கும் மூட்டைப்பூச்சிக்கும் சம்பந்தம் குறைவு. அது பயணிகளின் பெட்டியில் ஏறி வருவது, பெரிய ஓட்டல்களிலும் வரும். போனதும் பெட்டியைக் கட்டிலிலோ தரை விரிப்பிலோ வைக்காமல் குளியலறையில் வையுங்கள். தலைமாட்டுப் பக்க மூலைகளில் விரிப்பை உருவி, மெத்தையின் தையல் ஓரத்தைப் போன் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு தலைமாட்டுப் பலகையின் பின்புறம், கட்டில் இணைப்புகள். தேட வேண்டியது பூச்சியை மட்டும் அல்ல, மைப் புள்ளி மாதிரிக் கறுப்புக் கறைகள், உரிந்த தோல், துருநிறத் தீற்றல். வளர்ந்த பூச்சி 5 முதல் 7 மில்லிமீட்டர், தட்டையாக, பழுப்பாக இருக்கும். முட்டை வெண்மையாய் 1 மில்லிமீட்டர்.

இருந்தால் படம் எடுத்துக்கொண்டு ரூம் மாற்றச் சொல்லுங்கள். பக்கத்து ரூமும் நேர் மேல், கீழ் ரூமும் வேண்டாம், சுவர் வழியே அவற்றுக்கும் போயிருக்கலாம். ஊர் திரும்பியதும் துணிகளை உலர்த்தும் இயந்திரத்தில் அதிக வெப்பத்தில் 30 நிமிடம் ஓட்டினால் பூச்சியும் முட்டையும் சாகும். கடி பட்ட தடிப்பு சில நாள் கழித்துத் தெரிவதும் உண்டு, அதனால் 'கடிக்கவில்லையே' என்று பெட்டியை அப்படியே அலமாரியில் ஏற்றிவிடாதீர்கள்.

கேள்வி: டெபிட் கார்டில் வாடகைக்கு மேலேயே பிடித்து வைக்கிறார்களே, அது திரும்ப வருமா?

பதில்: அது சேதத்துக்கும் கூடுதல் செலவுக்குமான பிணைத் தொகை. ரூமைக் காலி செய்ததும் ஓட்டல் விடுவிக்கும், ஆனால் உங்கள் வங்கியில் வர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். டெபிட் கார்டு என்றால் அதுவரை அந்தப் பணத்தை நீங்கள் தொட முடியாது, பயணச் செலவுக்கு வைத்திருந்ததும் முடங்கும். எவ்வளவு பிடிப்பார்கள் என்று முன்னதாகவே கேட்டுவிட்டு, கிரெடிட் கார்டு கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். வெளிநாட்டில் கார்டு இயந்திரம் 'உங்கள் ஊர் நாணயத்தில் கட்டலாமா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். மாற்று விகிதத்தில் விழும் வெட்டு பெரும்பாலும் குறையும்.

கேள்வி: நான்கு பேர், இரண்டு இரவு. அபார்ட்மென்ட் எடுப்பதா, இரண்டு ரூமா?

பதில்: இரண்டே இரவென்றால் பெரும்பாலும் ரூம். அபார்ட்மென்ட்டில் சுத்தம் செய்யும் கட்டணம் ஒருமுறைக்கு இவ்வளவு என்று வரும். ஏழு இரவில் அது கரைந்துவிடும், இரண்டு இரவில் வாடகையையே தூக்கிவிடும். பெட்டி வைத்துவிட்டுப் போகவும் இடம் இருக்காது. நான்காவது இரவிலிருந்து கணக்கு மாறும்.

கேள்வி: புக்கிங் தளத்தின் உள்ளேயே ஓட்டலிடமிருந்து செய்தி. 24 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் கார்டை உறுதி செய்யாவிட்டால் ரூம் ரத்தாம். அவசரமாகச் சொல்லுங்கள் சார்.

பதில்: தொடாதீர்கள். ஓட்டலின் கணக்கைத் திருடி, அதற்குள்ளிருந்தே இப்படி அனுப்புகிறார்கள். உங்கள் பெயர், தேதி, புக்கிங் எண் எல்லாம் சரியாக இருப்பது அதனால்தான். ஓட்டலின் எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள், புக்கிங் தளத்துக்கும் தெரியப்படுத்துங்கள். ஏற்கெனவே கார்டு எண்ணைக் கொடுத்திருந்தால் வங்கியை அழைத்து இந்த நிமிடமே கார்டை முடக்குங்கள்.

கேள்வி: உறுதிச் சீட்டு கையில் இருந்தும் 'ரூம் இல்லை' என்று சொன்னால் என்ன செய்வது?

பதில்: வராமல் போகிறவர்கள் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு ரூமுக்கு மேல் விற்பது ஓட்டல் தொழிலில் வழக்கம். கணக்கு தவறினால் வெளியே நிற்பது இரவு தாமதமாக வருகிறவர், ஒரே இரவுக்கு வருகிறவர், தளத்தில் அடிமட்ட விலைக்கு எடுத்தவர். அதனால் வரும் நாள் காலையில் போன் செய்து வரும் நேரத்தைச் சொல்லிவிடுவது நல்ல காப்பு.

அப்படியும் நடந்துவிட்டால் ரிசப்ஷனை விட்டு நகராதீர்கள், நீங்களாக வேறு ரூம் தேடிப் பணம் கட்டாதீர்கள். இரவுப் பொறுப்பு மேலாளரை வரச் சொல்லுங்கள். அதே தரத்தில் அல்லது மேலான தரத்தில் பக்கத்து ஓட்டலில் ரூம், அங்கே போகும் வண்டிச் செலவு, விலை கூடினால் அந்த வித்தியாசம், இம்மூன்றும் அவர்கள் பொறுப்பு என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டதை மின்னஞ்சலிலோ ஓட்டல் முத்திரையோடு காகிதத்திலோ வாங்குங்கள். தளம் வழியாகப் போட்டிருந்தால் அங்கே நின்றபடியே அவர்களின் உதவி எண்ணை அழையுங்கள். நீங்கள் வெளியே போன பிறகு அழைத்தால், ஓட்டல் 'அவர் வரவே இல்லை' என்று சொல்ல இடம் கிடைத்துவிடும்.