வட்டியும் நெல்லும்: வாசகர் கேள்விகள்

இலங்கையில் பணவீக்கம் 70 வீதத்தில் இருந்து விழுந்துவிட்டது என்கிறார்கள். கடையில் ஒன்றும் குறையவில்லையே?
– வாசகி, களுவாஞ்சிகுடி

ஏறும் வேகம் குறைந்தால் அதைத்தான் பணவீக்கம் இறங்கியது என்பார்கள். 2022இல் ஏறிய விலை ஏறினபடி நிற்கும். எந்த மாதத்தோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

அன்று நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் தந்த வங்கி இன்று 8 என்கிறது. ஏமாற்றுகிறார்களா?
– ஆரையம்பதி

2022 கடைசியில் நீங்கள் 20 வாங்கியபோது பணவீக்கம் 60ஐ ஒட்டி நின்றது. காசு கரைந்தது அப்போதுதான். வட்டியில் இருந்து பணவீக்கத்தைக் கழித்துப் பாருங்கள் என்று எத்தனை தடவை எழுதுவது?

அறுவடைக்கு நெல் விலை விழுகிறது, கடையில் அரிசி விலை விழவில்லை. மத்திய வங்கி ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறது?
– விவசாயி, சம்மாந்துறை

ஈர நெல்லா, காய்ந்த நெல்லா? எழுதவில்லை. விலையில் பாதியைத் தீர்மானிப்பது அதுதானே!

அரசுக்காக நெல் வாங்கும் நெல் சந்தைப்படுத்தல் சபையின் முழு விலை 14 வீத ஈரப்பதத்துக்குள் இருக்கும் நெல்லுக்கு. வெட்டு மெசினில் இருந்து நேரே மூடையில் விழும் நெல் அதற்குப் பல புள்ளி மேலே. காயப்போடக் களம் இல்லை, மாசி மழையும் விடாது. விதைப்புக்குக் காசு தந்த வியாபாரி லொறியோடு வரம்பில் நிற்கிறார். மூடைக்கு இத்தனை கிலோ கழிவு என்று அவரே சொல்லி அவரே நிறுக்கிறார். மத்திய வங்கி வைக்கும் கொள்கை வட்டி 2023இல் 16 வீதத்தை ஒட்டிப் போனது, பிறகு 8ஐ ஒட்டி வந்தது. இரண்டு தடவையும் அந்த வியாபாரியின் வட்டி அசையவில்லை. நகையை அடகு வைத்தாவது அறுவடைக் கூலியைக் கொடுத்து, நெல்லைக் காயவைத்து, ஒரு மாதம் பொறுத்தவர்களுக்குப் பெரும்பாலும் விலை கூடத்தான் கிடைக்கிறது. ஆனால் அடகு வட்டியையும் கழித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். மத்திய வங்கி நெல் காயப்போடாது. ஊருக்கு ஊர் உலர்த்தும் களமும் களஞ்சியமும் கேட்டு வருடக்கணக்காக எழுதுகிறேன், திறப்பதெல்லாம் கட்டவுட்தான்.

மசகு எண்ணெய் இறங்கியும் யூரியா ஏன் இறங்கவில்லை?
– வாழைச்சேனை

யூரியா இயற்கை எரிவாயுவில் இருந்து செய்வது. அந்த விலையைப் பாருங்கள். அப்புறம் டொலர். 2022 தொடக்கத்தில் 200 ரூபா, சில மாதத்தில் 360. இன்றும் பழைய இடத்துக்கு வரவில்லை.

வட்டியை ஒரேயடியாகக் குறைத்தால் விலைவாசியும் குறையாதா?
– பெயர், ஊர் இல்லை

துருக்கி 2021இல் 19 வீதத்தில் இருந்து குறைக்கத் தொடங்கியது. அடுத்த வருடம் பணவீக்கம் 85ஐத் தொட்டது. பிறகு வட்டியை 50 வரை ஏற்றினார்கள்.