மருத்துவ சீட்டுக்கு வீட்டை அடமானம் வைக்க நினைக்கும் பெற்றோருக்கு

மதிப்பெண் குறைந்துவிட்டது, கடன் வாங்கியாவது மகளை மருத்துவத்தில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் கடிதத்தின் நடுவே போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, பாட்டியின் இடுப்பில் வைத்த உலோகம் ஏன் தளர்ந்தது என்று மகள் தேடித் தேடிப் படிக்கிறாள் என்று, அதுதான் முக்கியம். வீட்டை அடமானம் வைக்காதீர்கள். பெரியப்பா வீட்டில் டாக்டர்கள் இருப்பது அடமானம் வைக்க ஒரு காரணமே ஆகாது.

அவள் கேட்பது, உடலுக்குள் வைக்கும் பொருட்களை ஆராயும் பயோமெட்டீரியல்ஸ் துறையின் கேள்வி. 1952-ல் ஸ்வீடன் ஆய்வாளர் பிரனெமார்க், முயலின் எலும்பில் ரத்த ஓட்டத்தைக் கவனிக்க வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தார். எலும்பு அதை விடவில்லை. எலும்போடு ஒட்டி நிற்கும் இன்றைய டைட்டானிய இம்பிளாண்டுகளுக்கு, அதாவது உடலுக்குள் பொருத்தும் கருவிகளுக்கு, அதுதான் தொடக்கம்.

சிக்கல், எலும்பு மெலிந்து பலவீனமாகும் எலும்புப்புரை நோய் வந்தவர்களிடம். அவர்கள் உடலில் எலும்பைக் கரைக்கும் செல்கள், கட்டும் செல்களை முந்திவிடுகின்றன. உலோகம் பிடித்து நிற்க எலும்பே போதாது. அதனால் உலோகத்தின் மேற்பரப்பையே மாற்றுகிறார்கள். மணல் வீசி, அமிலத்தில் அரித்து மைக்ரான் அளவில் சொரசொரப்பாக்குவது ஒரு வழி. ஃபுளோரைடு கரைசலில் மின்சாரம் செலுத்தினால் மேற்பரப்பில் நானோ குழாய்கள் வரிசையாக உருவாகும். எலும்புக் கரைவைத் தடுக்கும் மருந்தை அவற்றில் நிரப்பலாம். எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டைப் பூசலாம், ஆனால் பூச்சு உரிந்துவிடாமல் இருக்க வேண்டும். அப்புறம் விறைப்பு. விறைப்பை அளக்கும் ஜிகாபாஸ்கல் என்ற அலகில், டைட்டானியக் கலவைக்குச் சுமார் 110, கெட்டியான எலும்புக்கு 20-ஐ ஒட்டி. பாரத்தை உலோகமே தாங்கிக்கொண்டால், வேலையில்லாத எலும்பு மெலியும். விறைப்பைக் குறைக்கத்தான் முப்பரிமாண அச்சில் துளைத்துளையான இம்பிளாண்டுகளைச் செய்கிறார்கள். இளம், ஆரோக்கியமான விலங்கில் நன்றாக ஒட்டியது பலவீனமான எலும்பிலும் ஒட்டும் என்று சொல்ல முடியாது. அதனால் சினைப்பையை நீக்கி எலும்பு மெலியவைத்த எலிகளிலும் சோதிக்கிறார்கள். வேதியியல், உலோகவியல், உயிரியல் மூன்றும் பிடித்த பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பாதை இது: இளநிலையில் மெட்டீரியல்ஸ் அல்லது உலோகவியல் பொறியியல், முதுநிலையில் பயோமெட்டீரியல்ஸ். பயோமெடிக்கல் என்ற பெயரை மட்டும் பார்த்துச் சேர்க்காதீர்கள். பல இடங்களில் அது மருத்துவக் கருவிகளோடும் சிக்னல்களோடும் நின்றுவிடும். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியும் செல் வளர்ப்பு ஆய்வகமும் மாணவர்கள் கைக்கு வருமா என்று கேளுங்கள். இளநிலைப் பட்டம் மட்டும் போதாது, இந்தத் துறையில் நிற்க மேற்படிப்பு வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பல இடங்களில் உதவித்தொகை உண்டு. அந்தச் செலவைத் திட்டமிட்டுச் சமாளிக்கலாம். அடமானக் கடனைச் சமாளிப்பது அப்படியல்ல.

சேருவதற்கு முன் இந்தப் பாடங்களை அவளே ஒரு முறை பார்த்துவிட்டு விருப்பத்தைச் சொல்லட்டும். உறவினர்களுக்குப் பதில் சொல்வதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அதை அவள் தலையில் போடாதீர்கள்.