தாழ்மையான ஜெபமும் ஞானமும்: சில கேள்விகள், சில பதில்கள்

கேள்வி: ஐயா, வெளிநாட்டு வேலைக்குப் போவதா, ஊரிலேயே இருப்பதா என்று மாதக்கணக்கில் ஜெபிக்கிறேன். ஞானம் குறைந்தவன் தேவனிடம் கேட்டால் கொடுக்கப்படும் என்ற யாக்கோபு 1:5 எனக்கு ஏன் பலிக்கவில்லை?

பதில்: தம்பி, அந்த அதிகாரத்தை 2ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். சோதனைகளில் அகப்பட்டவர்களுக்குத்தான் யாக்கோபு எழுதுகிறார். பொறுமையோடு நிலைத்து நிற்கத் தேவையான ஞானமும் அவர் சொல்லும் ஞானத்தில் அடக்கம். நீங்களோ ‘போ’, ‘போகாதே’ என்ற ஒரு சொல்லை மட்டும் எதிர்பார்க்கிறீர்கள்.

இஸ்ரவேலின் ராஜா சாலொமோனைப் பாருங்கள். கிபியோன் என்ற ஊரில் அவன் “போக்குவரவு அறியாத சிறுபிள்ளை” என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, நியாயம் விசாரிக்க ஞானமுள்ள இருதயத்தைக் கேட்டான். பிறகு ஒரு குழந்தைக்காகச் சண்டையிட்ட இரண்டு பெண்கள் வந்தார்கள். யார் தாய் என்று வானத்திலிருந்து சத்தம் வந்ததாக வேதம் சொல்லவில்லை. இருவர் சொன்னதையும் கேட்டான், யோசித்தான், கண்டுபிடித்தான். நீங்களும் ஜெபித்துவிட்டு உட்கார்ந்து எழுதுங்கள்: அப்பா அம்மாவை யார் பார்ப்பார்கள்? கடன் எவ்வளவு? அங்கே ஆராதனைக்குப் போக சபை இருக்கிறதா? விவரம் தெரிந்த பெரியவர்களிடமும் கேளுங்கள். இதுவும் ஜெபத்தின் தொடர்ச்சிதான். திரும்பத் திரும்பக் கேட்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். தேவன் “ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்” என்று அதே யாக்கோபு 1:5 சொல்கிறது.

கேள்வி: ஜெபக் கூட்டத்தில் மற்றவர்கள் அருமையாக, நீளமாக ஜெபிக்கிறார்கள். எனக்கு ஒரு வரிக்கு மேல் வருவதில்லை.

பதில்: ஒரு வரி போதும் சகோதரி. ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) ஜெபித்தது ஒரே வரி, அவனே நீதிமானாக வீடு திரும்பினான் (லூக்கா 18). கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் மூன்றாம் முறை அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார்.

கேள்வி: ‘நான் புழு, தூசி’ என்று சொல்லி ஜெபிப்பதுதான் தாழ்மையா?

பதில்: ஆபிரகாம் தன்னைத் தூளும் சாம்பலும் என்றுதான் சொன்னார். ஆனால் அதே மூச்சில் சோதோம் நகரத்துக்காக 50 நீதிமான்களில் தொடங்கி 10 வரை கர்த்தரிடம் மன்றாடினார். தாழ்மை அவர் வாயை அடைக்கவில்லை. அதே லூக்கா 18இல் ஆயக்காரனோடு ஆலயத்துக்கு வந்த பரிசேயன் (மதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவன்) ஜெபம் எங்கே கெட்டது தெரியுமா? பக்கத்தில் நின்றவனோடு தன்னை ஒப்பிட்ட இடத்தில். ‘எனக்கு அவரைவிடத் தாழ்மை அதிகம்’ என்று நினைத்தாலும் அதே கெடுதல்தான். அடுத்தவர் குறை ஜெபத்தில் எத்தனை முறை வருகிறது என்று கவனியுங்கள்.

கேள்வி: முடிவெடுக்க வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்து வசனம் எடுக்கலாமா? எங்கள் வீட்டில் அப்படித்தான்.

பதில்: ஆண்டின் தொடக்கத்தில் வாக்குத்தத்த வசனம் வாங்கி ஆறுதல் அடைவது வேறு. கல்யாணத்தையும் நிலம் வாங்குவதையும் அப்படித் தீர்மானிப்பதை நான் ஏற்க மாட்டேன். அந்த வசனம் யாருக்கு, எதற்காக எழுதப்பட்டது என்று பார்க்கவே அதில் இடமில்லை. கண்ணால் கண்டதை மட்டும் நம்புவதும் சரியல்ல. யோசுவா 9இல் இஸ்ரவேலர் பூசணம் பூத்த அப்பத்தையும் பழைய செருப்பையும் பார்த்து, வந்தவர்கள் தூரதேசத்தார் என்று நம்பி, கர்த்தரிடம் கேட்காமலே உடன்படிக்கை செய்து ஏமாந்தார்கள். ஏமாற்றியவர்கள் கிபியோனியர். பின்னாளில் சாலொமோன் ஞானம் கேட்டதும் அதே கிபியோனில்தான்!

கேள்வி: அவ்வளவு ஞானம் பெற்ற சாலொமோன் ஏன் விழுந்தார்?

பதில்: ராஜா அநேக மனைவிகளைச் சேர்க்கக் கூடாது, நியாயப்பிரமாணத்தை (தேவன் தந்த சட்டத்தை) பிரதி எழுதி உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்க வேண்டும் என்பது உபாகமம் 17. மனைவிகள் விஷயத்தில் அவர் அதை மீறினார். வயதான காலத்தில் அவர்கள் அவர் இருதயத்தை வேறு தேவர்கள் பக்கம் சாய்த்தார்கள். இளவயதில் பெற்ற ஞானம் முதுமையிலும் தானாகக் காப்பாற்றும் என்று இருந்துவிட முடியாது.

கேள்வி: நான் எடுத்த முடிவு தேவனிடமிருந்து வந்ததா என்று எப்படி அறிவது?

பதில்: யாக்கோபு 3:17. பரத்திலிருந்து வரும் ஞானத்துக்கு சமாதானம், சாந்தம், இணக்கம் உண்டு என்கிறார். உங்கள் முடிவை முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். அவர் ஒரு கேள்வி கேட்டதுமே உங்களுக்குக் கோபம் வந்தால், கையெழுத்துப் போடாமல் இன்னும் ஒரு வாரம் இருவரும் சேர்ந்து ஜெபியுங்கள்.